அல்பிரட் எஷரும் சுவிற்சர்லாந்துக் குடியாட்சியும்

ஐரோப்பாவின் நடுவே, கடற்கரை ஒரு முழமேனும் இல்லாது, மலைகளாற் சூழப்பட்டுக் கிடப்பது சுவிற்சர்லாந்து. நிலக்கரி வளமும் இரும்பு வளமும் அங்கே மிகக் குறைவு. ஒரே மொழி பேசும் மக்களும் அல்லர். ஒரே சமயப் பிரிவினரும் அல்லர். எனினும் அந்நாடு வங்கித் தொழிலாலும், பொறியியற் கல்வியாலும், புகையிரதப் பாதைகளாலும், மக்களே நேராக வாக்களித்துச் சட்டங்களைத் தீர்மானிக்கும் குடியாட்சி முறையாலும் உலகத்தாரின் கவனத்தைப் பெற்றுள்ளது. இந்நான்கனுள் முதல் மூன்றுக்கும் அடிகோலியோருள் தலையாயவர் சூரிச் நகரத்தவரான அல்பிரட் எஷர். நான்காவதாகிய நேர்முகக் குடியாட்சியோ, பெரும்பகுதியும் அவருடைய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்தால் வலுப்பெற்றது. அவர் ஐயுற்று எதிர்த்த அம்முறையே, அவர் தொடங்கிய மிகப் பெரிய பணி இடையில் முறியாது முற்றுப்பெறத் துணைநின்றது என்பது வரலாற்றின் வியப்புக்களுள் ஒன்று. இதனை விளங்கிக்கொள்வதற்கு அவருடைய வாழ்க்கையை அக்காலத்து நாட்டு நிலையோடு இயைத்து நோக்குதல் வேண்டும்.

எஷர் என்பது சூரிச்சின் பழம் பெருங்குடிகளுள் ஒன்று. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அல்பிரட்டின் பாட்டனார் வணிகத்தில் முறிவுற்றுப் பலருடைய முதலையும் அழியச் செய்தமையால், அக்குடியின் இக்கிளை நகரத்தாரின் மதிப்பை இழந்திருந்தது. தந்தையார் ஹைன்றிக் எஷர் வட அமெரிக்கா சென்று, வணிகத்தாலும் நில வியாபாரத்தாலும் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் மீண்டார். அவருக்கும் லிடியா சொல்லிக்கோபருக்கும் மகனாக அல்பிரட் 1819ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி பிறந்தார். சூரிச் ஏரிக்கரையிலே தந்தையார் அமைத்த பெல்வுவார் என்னும் மாளிகையிலேயே அவர் வளர்ந்தார். அங்கேயே பின்னாளில் உயிர்துறந்தார்.

அக்குடும்பச் செல்வத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் மறைத்தற்குரியதன்று. தந்தையாரின் உடன்பிறந்தாரான பிரீட்ரிக் லூட்விக் எஷர் கியூபாத் தீவில் ஒரு கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். அதில் எண்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்தனர். 1845இல் அவர் இறந்தபின் அத்தோட்டம் ஹைன்றிக்கின் உரிமையாகி, அதன்பின் விற்கப்பட்டது. நெடுங்காலம் பேசப்படாதிருந்த இச்செய்தி இருபத்தோராம் நூற்றாண்டின் ஆய்வுகளால் பலரும் அறிய வெளிவந்தது. தாராண்மைக் கொள்கையின் பெயரால் உரிமை பேசிய ஒரு தலைமுறையின் செல்வத்தின் ஒரு பகுதி, உரிமையே இல்லாதாரின் உழைப்போடு தொடர்புற்றிருந்தது என்பதை வரலாற்று மாணவர் நினைவிற் கொள்ளுதல் தகும்.

இளமையில் எஷர் வீட்டிலேயே ஆசிரியரை வைத்துக் கல்வி கற்றார். பிற்காலத்தில் தாவர உயிர்ச்சுவடு ஆராய்ச்சியிற் பெரும்புகழ் பெற்ற ஒஸ்வால்ட் ஹேர் அவ்வாசிரியர்களுள் ஒருவர். பின்னர் சூரிச்சின் உயர்தரப் பாடசாலையிலும், 1833இல் நிறுவப்பெற்ற சூரிச் பல்கலைக்கழகத்திலும், இடையில் பொன், பேர்லின் ஆகிய ஜேர்மன் நகரங்களிலும் பயின்று, 1842இல் சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். சொபிங்கியா என்னும் மாணவர் சங்கத்திலே தலைமை தாங்கிய நாள்களில் அரசியற் பேச்சுத் திறனும் நாடளாவிய நட்பும் அவருக்கு வாய்த்தன. சில காலம் பாரிசில் தங்கித் திரும்பியபின், 1844இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றத் தொடங்கினார். அதே ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், சூரிச் கன்ரனின் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். விரிவுரை மேடையை அரசியல் விரைவிலே விழுங்கிவிட்டது.

அக்காலத்துச் சுவிற்சர்லாந்து ஒரு நாடு என்பதினும் ஒரு கூட்டணி எனலே பொருந்தும். கன்ரன் எனப்படும் இருபத்திரண்டு சிற்றரசுகள் தத்தமக்கெனத் தனி நாணயமும், தனிச் சுங்க வரியும், தனி அளவைகளும் கொண்டிருந்தன. ஒரு வணிகன் தன் சரக்கை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டு செல்வதற்குப் பல சுங்கச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது. கன்ரன்களின் தூதுவர் கூடும் பொதுச்சபைக்கு வலிமை மிகக் குறைவு. புரட்டஸ்தாந்தக் கன்ரன்களிற் பெரும்பாலானவை தாராண்மைவாதிகளின் கையிலும், கத்தோலிக்கக் கன்ரன்கள் பல பழைமை பேணுவோரின் கையிலும் இருந்தன. லூசேர்ண் கன்ரன் தன் கல்விச்சாலைகளுக்கு யேசு சபைக் குருமாரை அழைத்தபோது பகைமை முற்றியது. கத்தோலிக்கக் கன்ரன்கள் ஏழு, 1845இன் இறுதியில் தமக்குள் ஒரு தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டன. 1847ஆம் ஆண்டு நொவெம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. தளபதி டுபூர், வீண் உயிர்ச்சேதம் விளையாதவாறு நான்கு வாரங்களுக்குள் அப்போரை முடித்தார். மாண்டோர் தொகை ஏறத்தாழ நூறு எனலாம். 1848இல் புதிய அரசியற்றிட்டம் பிறந்தது. உட்சுங்கம் ஒழிந்தது, பொது நாணயமும் பொதுத் தபாலும் அமைந்தன, மக்களால் தெரிவு செய்யப்படும் தேசிய சபையும், கன்ரன்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் மேற்சபையும் தோன்றின.

இவ்விறுவிறுப்பான ஆண்டுகளில் எஷர் மளமளவென உயர்ந்தார். 1847இல் சூரிச் அரசின் செயலாளர். 1848இல் அரசாங்க மன்றத்தின் உறுப்பினர். அதே ஆண்டில் முதல் தேசிய சபையின் அங்கத்தவர். அச்சபையிலே அவர் அன்று தொட்டு இறக்கும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் இடையறாது அமர்ந்திருந்தார். 1849இல், முப்பது வயதில், அதன் தலைவராயினார். பின்னரும் இருமுறை அப்பதவியை வகித்தார். ஏழு பேர் கொண்ட சமஷ்டி மந்திரிசபையில் அவர் ஒருபோதும் இடம்பெறவில்லை. ஆயினும் அம்மந்திரிசபையிலே எவர் அமர்வது என்பதை உறுதி செய்வதில் அவருடைய சொல்லுக்குத் தனி வலிமை இருந்தது.

சபைத் தலைமை ஏற்ற காலத்திலேயே அவருடைய நெஞ்சை ஒரு கவலை பற்றியிருந்தது. பிரித்தானியாவிலும் பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் பிரான்சிலும் புகையிரதப் பாதைகள் நாற்புறமும் நீண்டுகொண்டிருந்தன. சுவிற்சர்லாந்திலோ 1847இல் திறக்கப்பட்ட, சூரிச்சுக்கும் பாடன் என்னும் ஊருக்கும் இடையிலான இருபத்து மூன்று கிலோமீற்றர்ப் பாதையே உள்நாட்டுப் பாதையாய் இருந்தது. அயல் நாட்டுப் பாதைகள் சுவிற்சர்லாந்தைச் சுற்றி வளைந்து சென்றுவிடுமாயின், அந்நாடு ஐரோப்பாவின் நடுவிலிருந்தும் வழிப்போக்கர் நாடாத தனிக்காடாகிவிடும் என எஷர் அஞ்சினார். அவ்வச்சத்தை 1849இல் தேசிய சபையிலேயே எடுத்துரைத்தார்.

பாதை வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை அதிகமில்லை. அதனை யார் அமைப்பது என்பதே வினாவாயிற்று. சமஷ்டி அரசு பிரித்தானியப் பொறியியலாளர் றொபேட் ஸ்ரீபன்சனை அழைத்து ஆலோசனை பெற்றது. பேர்ண் நகரத்து யாக்கோப் ஸ்ரெம்ப்லி முதலானோர் அரசே பாதைகளை அமைத்து நடத்துதல் வேண்டும் என வாதித்தனர். நாலாண்டு நிரம்பாத இளம் அரசு பெருங்கடன் சுமத்தல் ஆகாது எனவும், தனியார் ஊக்கமே வேலையை விரைவுபடுத்தும் எனவும் எஷர் மறுத்துரைத்தார். 1852ஆம் ஆண்டு யூலையில் நிறைவேறிய சட்டம், பாதை அமைக்கும் உரிமையைக் கன்ரன்களின் அனுமதியோடு தனியார் கம்பனிகளுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டிலேயே வடகிழக்குப் புகையிரதக் கம்பனி உருவாயிற்று. அதன் தலைவர் எஷர். எட்டாண்டு கழிவதற்குள் நாட்டுப் பாதைகளின் நீளம் ஆயிரம் கிலோமீற்றரைக் கடந்தது. பாதை விரைந்து வளர்ந்தது உண்மை. போட்டிக் கம்பனிகள் ஒன்றோடொன்று மோதிப் பணத்தை விரயஞ் செய்ததும் உண்மையே.

புகையிரதம் இரண்டு தேவைகளைக் காட்டிற்று. முதலாவது, பொறியியலாளர். 1848ஆம் ஆண்டு அரசியற்றிட்டம், ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு பொலிரெக்னிக் கல்லூரியையும் நிறுவும் அதிகாரத்தைச் சமஷ்டி அரசுக்கு அளித்திருந்தது. எஷர் நாடு முழுவதற்கும் பொதுவான பல்கலைக்கழகத்தையே பெரிதும் விரும்பினார். ஆனால் பிரெஞ்சு மொழி பேசும் கன்ரன்களும் கத்தோலிக்கக் கன்ரன்களும், அது ஜேர்மன் மொழியினதும் புரட்டஸ்தாந்தரதும் கோட்டையாகிவிடும் என அஞ்சின. எனவே 1854இல் பல்கலைக்கழகத் திட்டம் கைவிடப்பட்டு, பொலிரெக்னிக் மட்டும் ஏற்கப்பட்டது. 1855ஆம் ஆண்டு சூரிச்சிலே அது திறக்கப்பட்டது. சிறந்த கட்டிடக் கலைஞரான கொட்பிரீட் செம்பர் அங்கே பேராசிரியராயினார். கல்லூரியின் ஆட்சிச் சபையில் எஷர் 1854 முதல் இறக்கும்வரை உபதலைவராக இருந்து, பேராசிரியர் தெரிவில் மிகுந்த கவனஞ் செலுத்தினார். பிற்காலத்தில் அல்பேட் ஐன்ஸ்ரைன் மாணவராகப் பயின்றதும் இக்கல்லூரியிலேயே.

இரண்டாவது தேவை, முதல். பாதை அமைக்கும் பணத்துக்காகச் சுவிற்சர்லாந்துக் கம்பனிகள் பாரிசு முதலிய அயல் நகரங்களின் வங்கியாளரை நாடி நின்றன. பணம் தருவோன் பாதையின் போக்கையும் தீர்மானிப்பான் என்பதை எஷர் உணர்ந்திருந்தார். ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து வங்கி ஒன்று சூரிச்சிற் கிளை அமைக்க முயன்றபோது, அதனுடன் பேசி, உள்நாட்டுத் தலைமையில் அமையும் தனி வங்கியாக அம்முயற்சியை மாற்றினார். 1856ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி சுவிற்சர்லாந்துக் கடன் நிறுவனம் எழுந்தது. பின்னாளிற் கிரெடிற் சுவிஸ் என உலகறிந்த வங்கி இதுவே. பொதுமக்களுக்கென ஒதுக்கிய பங்குகள் 30 இலட்சம் பிராங்கு பெறுமதியானவை. மூன்றே நாள்களில் 21 கோடி 80 இலட்சம் பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. நாட்டிலே பணம் இல்லாமலில்லை, அதனை ஒன்றுதிரட்டும் கருவியே இதுவரை இருக்கவில்லை என்பதை அம்மூன்று நாள்கள் மெய்ப்பித்தன. அடுத்த ஆண்டில், அவ்வங்கியின் உத்தரவாதத்தோடு ஆயுட்காப்புறுதி நிறுவனம் ஒன்றும் தோன்றியது.

இவ்வாறு, நாற்பது வயது நிரம்புமுன் எஷர் தேசிய சபையிற் செல்வாக்குடைய அங்கத்தவர்; சூரிச் சட்டசபையின் பெருந்தலைவர்; நாட்டின் பெரும் புகையிரதக் கம்பனியின் தலைவர்; நாட்டின் புதிய பெருவங்கியின் தலைவர்; உயர் கல்லூரியின் ஆட்சியாளர். 1855இல் நோயுற்று அரசாங்க மன்றத்திலிருந்து விலகியபின்னும் சூரிச்சின் ஆட்சி அவருடைய நண்பர் கையிலேயே இருந்தது. சபையிலே புகையிரதச் சட்டத்துக்கு வாக்களிப்போரும், அச்சட்டத்தாற் பயன்பெறும் கம்பனியை நடத்துவோரும் ஒருவராதல் அக்காலச் சட்டத்துக்கு மாறானதன்று. ஆனால் மக்கள் மனத்துக்கு அது உவப்பாயில்லை. அவரைச் சமஷ்டிப் பிரபு என்றும், அல்பிரட் மன்னர் என்றும் எதிரிகள் எள்ளினர். அவரைச் சூழ்ந்தோரின் ஆட்சி முறைக்கு 'எஷர் முறை' என்னும் பெயரே வழங்கலாயிற்று.

அச்செல்வாக்கு நாட்டுக்கு நன்மை செய்த தருணங்களும் உண்டு. 1860இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சவோய் நாட்டைத் தம் ஆட்சியோடு இணைத்தபோது, ஸ்ரெம்ப்லி முதலானோர் அதன் வடபகுதியைப் படைகொண்டு கைப்பற்றுதல் வேண்டும் எனக் கொதித்தனர். வல்லரசு ஒன்றோடு சிறுநாடு பொருதல் அழிவைத் தரும் என எஷர் உறுதியாக எதிர்த்தார். போர் தவிர்க்கப்பட்டது.

தம் வீட்டிலே அவர் பெற்ற மகிழ்ச்சி சிறிது காலமே நிலைத்தது. 1857இல் ஒகுஸ்ரா ஊபெல் என்னும் நங்கையை மணந்தார். பெண்மக்கள் இருவருள் ஒருவர் குழவிப் பருவத்திலேயே இறந்தார். மனைவியாரும் 1864இல், இருபத்தாறு வயதளவில் மறைந்தார். எஞ்சிய மகளாகிய லிடியாவே பின்னாளில் தந்தையாரின் வீட்டையும் கடிதத் தொடர்புகளையும் கவனித்து வந்தார்.

அவ்வாண்டுகளிலேயே எதிர்ப்பும் திரண்டது. புகையிரதம் அயல்நாட்டுத் தானியத்தை மலிவாகக் கொண்டுவந்தமையால் சிறு கமக்காரர் இடர்ப்பட்டனர். பெருவங்கி பெருங்கம்பனிகளுக்கே கடன் வழங்கியது; கமக்காரனும் கைவினைஞனும் உயர்ந்த வட்டிக்குக் கடன்பட்டு வருந்தினர். வின்ரர்தூர் நகரம் சூரிச்சின் மேலாண்மையை வெறுத்தது. 1866 முதல் பிரீட்ரிக் லோக்கர் என்னும் வழக்கறிஞர் எஷர் முறையைத் தாக்கித் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். அவற்றிற் கடுஞ்சொல்லும் மிகைக்கூற்றும் மலிந்திருந்தன. எனினும் மக்கள் அவற்றை விரும்பிப் படித்தனர். 1867இல் சூரிச்சிற் பரவிய வாந்திபேதி ஏழைகளின் குடியிருப்புக்களை வாட்டி ஏறத்தாழ ஐந்நூறு உயிர்களைக் கவர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 15ஆந் திகதி, கன்ரனின் நான்கு இடங்களில் மக்கள் பெருங்கூட்டங்களாகத் திரண்டு புதிய அரசியற்றிட்டம் கோரினர்.

எஷரும் அவர் நண்பரும், அறிவும் அனுபவமும் உடைய பிரதிநிதிகளைத் தெரிந்து அவர்களிடம் ஆட்சியை ஒப்படைத்தலே குடியாட்சி எனக் கருதியவர்கள். மக்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் தாமே வாக்களித்தல் என்பது அவர்களுக்கு ஒழுங்கின்மையின் வாயிலாகத் தோன்றியது. எதிரணியாராகிய சனநாயகக் கட்சியினரோ, தெரிவு செய்யப்பட்டோரின் கையில் அதிகாரமும் செல்வமும் ஒன்றாய்த் திரளும்போது அவர்களைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் மக்களிடமே இருத்தல் வேண்டும் என்றனர். 1869ஆம் ஆண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி சூரிச் மக்கள் புதிய அரசியற்றிட்டத்தை ஏற்றனர். சட்டங்கள் மக்கள் வாக்குக்கு விடப்படுதலும், மக்களே சட்டம் முன்மொழிதலும், அரசாங்க மன்றத்தை மக்களே நேராகத் தெரிதலும் அதனால் உறுதியாயின. சிறு கமக்காரர்க்கும் தொழிலாளர்க்கும் குறைந்த வட்டியிற் கடன் வழங்கும் கன்ரன் வங்கி 1870இல் திறக்கப்பட்டது. எஷர் முறை சூரிச்சில் முடிவுற்றது. 1874இல் திருத்தப்பெற்ற சமஷ்டி அரசியற்றிட்டமும், குறித்த தொகையினர் ஒப்பமிட்டுக் கேட்பின் சமஷ்டிச் சட்டத்தையும் மக்கள் வாக்குக்கு விடுதல் வேண்டும் என விதித்தது.

உள்ளூரில் ஆதிக்கம் குன்றிய காலத்தில் எஷரின் உள்ளம் அல்ப்ஸ் மலைமேற் சென்றிருந்தது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை எக்கணவாய் வழியாகச் செல்வது என்பதிற் கன்ரன்கள் நெடுநாள் போட்டியிட்டன. முதலில் லுக்மானியர்க் கணவாயை ஆதரித்த எஷர், 1860களின் தொடக்கத்திற் கொத்தாட் வழியே சிறந்தது என மனம் மாறினார். 1869இல் இத்தாலியோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1871இல், புதிதாக ஒன்றுபட்ட ஜேர்மனியும் சேர்ந்தது. திட்டத்தின் மதிப்பீடு 18 கோடி 70 இலட்சம் பிராங்கு. அதில் 8 கோடி 50 இலட்சத்தை மூன்று நாடுகளும் உதவித்தொகையாக வழங்கின: இத்தாலி நாலரைக் கோடி, ஜேர்மனி இரண்டு கோடி, சுவிற்சர்லாந்து இரண்டு கோடி. எஞ்சியது பங்குகளாலும் கடன் பத்திரங்களாலும் திரட்டப்பட்டது. கொத்தாட் கம்பனியின் தலைமையை எஷர் ஏற்றார்.

கெஷனன் என்னும் ஊரிலிருந்து ஐரோலோவரை பதினைந்து கிலோமீற்றர் நீளமான சுரங்கம் மலையைக் குடைந்து அமைக்கப்பட வேண்டியிருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவர் 1872இல் அவ்வேலையை எட்டு ஆண்டுகளில் முடிப்பதாக ஒப்பந்தம் செய்தார். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 பிராங்கும், ஆறு மாதங்களின்பின் 10,000 பிராங்கும் தண்டம் என்பது நிபந்தனை. மலையாறுகளின் நீர்வலியால் காற்றை அழுத்தி, அக்காற்றாற் பாறை துளைக்கும் கருவிகளை இயக்கினர். டைனமைற்றால் பாறையைத் தகர்த்தனர். உள்ளே வெப்பநிலை முப்பது பாகை செல்சியசைக் கடந்தது. புகையும் நீரும் அழுக்கும் நிறைந்த அவ்விருளில் உழைத்தோரிற் பெரும்பாலார் இத்தாலியத் தொழிலாளர். 1875ஆம் ஆண்டு யூலையில், காற்றோட்டத்தையும் கூலியையும் முன்னிட்டு அவர்கள் கெஷனனில் வேலைநிறுத்தஞ் செய்தபோது படையினர் சுட்டதில் நால்வர் மாண்டனர். சுரங்க விபத்துக்களில் இறந்தோர் இருநூற்றுவர் அளவினர். கொக்கிப்புழு நோயால் உடல் நலிந்து ஊர் திரும்பியோர் மிகப் பலர். எஷரின் சாதனையை அளவிடுவோர் இவ்வுயிர்களையும் அக்கணக்கில் எழுதுதல் வேண்டும்.

1873இல் ஐரோப்பாவெங்கும் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. 1876இல் கொத்தாட் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் ஹெல்வாக் கணக்குகளை மீளாய்ந்து, மதிப்பிட்டதற்கு மேலும் பத்துக் கோடி பிராங்குக்கு மேற்பட்ட தொகை வேண்டும் எனத் தெரிவித்தார். பங்குகளின் விலை சரிந்தது. வடகிழக்குப் புகையிரதக் கம்பனியும் அதே காலத்தில் நெருக்கடியில் வீழ்ந்தது. முன்பு எஷரைப் புகழ்ந்தோரே அவரைப் பழித்தனர். 1877இல் லூசேர்ணில் மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பாதைத் திட்டத்தைச் சுருக்கினர். மேலும் 2 கோடி 80 இலட்சம் உதவித்தொகை தேவை என முடிவு செய்தனர். இத்தாலியும் ஜேர்மனியும் தலைக்கு ஒரு கோடி வழங்க இசைந்தன. சுவிற்சர்லாந்தின் பங்கு எண்பது இலட்சம். எஷர் தலைவராய் இருக்கும்வரை அத்தொகைக்கு நாடு இசையாது என்னும் நிலை உண்டாயிற்று. சமஷ்டி மந்திரி எமில் வெல்ற்றியும் அவர் விலகுதலே நன்று எனக் கருதினார். 1878ஆம் ஆண்டு யூலையில் எஷர் கொத்தாட் கம்பனித் தலைமையைத் துறந்தார்.

அவர் விலகியபின் சமஷ்டிச் சபைகள் நாற்பத்தைந்து இலட்சம் பிராங்கு உதவும் சட்டத்தை நிறைவேற்றின. உடனே எதிர்ப்பாளர் ஒப்பங்கள் திரட்டி அதனை மக்கள் வாக்குக்கு இழுத்தனர். எஷரின் ஆதிக்கத்தை வெறுத்த தலைமுறை படைத்த கருவி, இப்போது எஷரின் சுரங்கத்தின்மீதே திரும்பியது. அவர் அஞ்சியபடியே பொதுமக்கள் பொருளறியாது இதனை நிராகரித்திருப்பின், பாதியளவில் நின்ற துளையோடு அவருடைய கனவும் முடிந்திருக்கும். 1879ஆம் ஆண்டு சனவரி 19ஆந் திகதி வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோருள் நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு மேற்பட்டோர் உதவி வழங்குதலை ஆதரித்தனர். கிழக்கிலும் மேற்கிலும் பின்னர் அமையக்கூடிய மலைப்பாதைகளுக்கும் இத்தகைய உதவி கிடைக்கும் என்னும் உடன்பாடு அவ்வெற்றிக்குத் துணையாயிற்று என்பது உண்மை. எனினும், ஒருவருடைய திட்டமாக இருந்தது அன்றுதொட்டு நாட்டு மக்களின் திட்டமாயிற்று. செல்வர் சிலரின் தீர்மானம் எளிதில் தளரக்கூடிய ஒரு காலத்தில், மக்கள் வாக்கு அதற்கு அசையாத அடித்தளம் இட்டது.

அதே ஆண்டு யூலையில் லூயி பாவர் சுரங்கத்துள்ளேயே மாரடைப்பால் இறந்தார். 1880ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த துளைகள் ஒன்றுகூடின. பக்கவாட்டில் 33 சென்ரிமீற்றரும், உயரத்தில் 5 சென்ரிமீற்றரும் தவிர வேறு பிசகில்லை. அவ்விழாவுக்கு எஷர் அழைக்கப்படவில்லை. 1882ஆம் ஆண்டு மே மாதத்தில் முழுப் பாதையும் திறக்கப்பட்ட விழாவுக்கு அழைப்பு வந்தபோது உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 6ஆந் திகதி பெல்வுவார் மாளிகையில் அவர் காலமானார். மகள் லிடியா, தம் தந்தையார் பதவி விலகுதலை வேண்டிய எமில் வெல்ற்றியின் மகனை 1883இல் மணந்தார். அம்மணம் துயரிலே முடிந்தது. 1890இல் அவர் தம் செல்வத்தைக் கொண்டு நாட்டின் கலைச் செல்வங்களை வாங்கிப் பேணும் அறநிலையம் ஒன்றை நிறுவி, தந்தையாரின் காலத்துப் பெரும் எழுத்தாளரான கொட்பிரீட் கெல்லரின் பெயரை அதற்கு இட்டார். மறு ஆண்டில் அவரும் மறைந்தார்.

எஷர் கட்டியவை அவர் நினைத்த வடிவிலே நிலைக்கவில்லை. 1852இல் அவர் தனியாருக்குப் பெற்றுத்தந்த புகையிரதப் பாதைகளை, 1898இல் நடந்த மக்கள் வாக்கு அரசுடைமையாக்கியது. கொத்தாட் பாதையும் 1909இல் அரசின் கைக்கு வந்தது. அக்கால வாதத்தில் ஸ்ரெம்ப்லி தோற்றார். அரை நூற்றாண்டின்பின் அவருடைய கருத்து வென்றது. ஆயினும் 1852இல் அரசு தானே தொடங்கியிருப்பின் அத்துணை விரைவிற் பாதைகள் எழுந்திருக்குமோ என்பது ஐயமே. 1856இல் அவர் நிறுவிய வங்கி, 167 ஆண்டுகள் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மக்களின் நம்பிக்கையை இழந்து வீழ்ச்சியுற்றுப் போட்டி வங்கியொன்றாற் கையேற்கப்பட்டது. 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான புதிய கொத்தாட் அடிச்சுரங்கம், பழைய வழியின் பெரும்பணியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. பொலிரெக்னிக் கல்லூரியோ முன்னையினும் பெரும்புகழோடு விளங்குகின்றது.

ஆதலின் எஷரை வெறும் புகழுரையாலும் வெறும் பழியுரையாலும் அளத்தல் பொருந்தாது. ஓரிளங் குடியரசுக்குப் பாதையும் முதலும் கல்வியும் ஒருங்கே வேண்டியிருந்த காலத்தில், அம்மூன்றையும் ஒரே நோக்கில் இணைத்துக் காணும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அவ்விணைப்பே அவருடைய கையில் அளவிறந்த அதிகாரத்தையும் திரட்டியது. தம் நோக்கம் தூயது என்னும் உறுதியால், தம்மைக் கேள்வி கேட்கும் உரிமை பிறர்க்கு உண்டு என்பதை அவர் முழுமையாக ஏற்கவில்லை. அவ்வுரிமையை மக்கள் சட்டத்தின் வழியே எடுத்துக்கொண்டனர். எடுத்துக்கொண்ட பின்னும் அவருடைய நற்பணியை அவர்கள் அழிக்கவில்லை. ஆளைக் கட்டுப்படுத்தி, பணியைக் காத்தனர். குடியாட்சியின் முதிர்ச்சிக்கு இதனினும் தெளிவான சான்று அந்நூற்றாண்டு வரலாற்றில் அரிது.

சூரிச் தலைமைப் புகையிரத நிலையத்தின் முன்னே, சிற்பி றிச்சாட் கிஸ்லிங் வடித்த எஷரின் வெண்கலச் சிலை 1889ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. சுரங்கத்தின் தென்வாயிலாகிய ஐரோலோ நிலையத்தருகே மற்றொரு நினைவுச் சின்னமும் உண்டு. உயிர்துறந்த தொழிலாளி ஒருவனைத் தோழர் சுமந்து செல்லும் காட்சியைச் சிற்பி வின்செஞ்சோ வேலா 1882இல் உருவாக்கினார். அதன் வெண்கல வார்ப்பு 1932இல் அங்கே நிறுவப்பட்டது. கொத்தாட் பாதையின் வரலாற்றை அறிய விழைவோர் இவ்விரு சின்னங்களையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். அவற்றோடு, 1879ஆம் ஆண்டு சனவரியில், சிலையெதுவும் பெறாத இலட்சக்கணக்கான மக்கள் பெட்டியில் இட்ட வாக்குச் சீட்டுக்களையும் நினைத்தல் வேண்டும்.